இடைவேளைப் பந்தயம்

"படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டீங்க?"

மனைவி கேட்டதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. முதல் காட்சியிலேயே பறக்கும் நாகம் ஒன்று முகத்துக்கு நேரே பாயும். அது தெரிந்ததால் கண் தானாக மூடிக்கொண்டது.

"தூசி," என்றார். நாகம் பாய்ந்தது.

மாயாஜாலப் படம் என்றால் இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வருஷமாக இதுதான் ஒப்பந்தம். போன வெள்ளிக்கிழமை நண்பர்கள் இழுத்தார்கள் என்று மனுஷன் அதை மீறித் தொலைத்தார். "சாயங்காலம் சீக்கிரம் வர முடியுமா?" என்று போனில் கேட்டவளிடம், "சரக்கு வந்திருக்கும்மா, தலைக்கு மேல வேலை" என்று பொய் வேறு. சொல்லிவிடலாம்தான், வாய் வரவில்லை.

"ஏங்க, இதை ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கா உங்களுக்கு?"

"சேச்சே! நீ இல்லாம நான் பார்ப்பேனா?"

அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி எதற்கும் முந்தக்கூடாது என்று, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரித்தார். அதற்குள் திரையில் மந்திரவாதியின் தாய் செத்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

இடைவேளை வந்தது. படத்தில் துரோகி யார் என்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி மாற்றிக்கொள்வது இவர்கள் வழக்கம். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். விடை தெரிந்துகொண்டு ஜெயிப்பதாவது! இந்தப் பாவம் வேறு வேண்டாம் என்று 'மந்திரவாதியின் கழுதை' என்று எழுதினார்.

"கழுதையா?"

"அதோட முழியே சரியில்ல."

அவளுடைய டிக்கெட்டை இவர் திருப்பிப் பார்த்தார். 'கூடவே இருக்கிற ஆள்.'

"அட, கரெக்டா எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கரெக்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல... ஒரு யூகம்தான்."

போதும் சாமி என்றிருந்தது. எத்தனை வருஷம் கூடவே உட்கார்ந்து பயந்தவள், அழுதவள்! அவளை ஏமாற்றி என்ன கண்டோம் என்று மனசு குமைந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"சொல்லுங்க." அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பாப்கார்ன் வாங்கட்டுமா?"

"வாங்குங்க," என்றாள், குரல் இறங்கி.

பாப்கார்னோடு இருவரும் உள்ளே திரும்பும்போது, டார்ச் அடித்துச் சீட்டு காட்டும் பெண் அவளைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அக்கா, நீங்களா! வெள்ளிக்கிழமை, 'வீட்டுக்காரருக்கு வேலையாம், ரெண்டு டிக்கெட்டையும் திருப்பி எடுத்துப்பீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க, சிரிச்சிக்கிட்டு உள்ள போன ஒரு கும்பலைப் பார்த்ததும் சட்டுனு வந்து கடைசி வரிசையில தனியா உக்காந்துட்டீங்களே... இன்னைக்காவது சாருக்கு வேலை இல்லியே!"