மூத்தவர் நிற்கும் பக்கம்

நடந்ததைச் சொல்லுமுன் என் நிலையைச் சொல்லிவிடுவது முறை. மென்பொருள் நிறுவனங்கள் ஹைதராபாத்தின் மேற்கு மூலையில் முளைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் நான் குஷாய்குடா மின்னணு ஆலையில் முதுநிலை மேலாளர், பொறியியல் பட்டதாரி, எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்துக்குப் போட்டியின்றியே தேர்வாகிவந்த செயலாளர். என் எதிரே யாரும் கால்மேல் கால் போட்டு அமர்ந்ததில்லை. மேல்நிலைத் தொட்டியில் எப்போது தண்ணீர் ஏற வேண்டும் என்பதைக்கூட நானே முடிவு செய்வேன். சில நாட்கள் அது ஏறியதும் உண்டு.

இந்த ஒழுங்குக்குள்தான் ஜப்பான் குடிவந்தார். ஹைதராபாத் முழுவதிலும் தன் தலைக்கு மேல் ஒரு நாளும் குடை விரிக்காத ஒரே குடைக்காரர் அவர்தான் என்று எங்கும் அடித்துச் சொல்வேன். கொட்டும் மழையில் சொட்டச் சொட்ட வருவார். மடித்த குடை இடுப்பின் இடப்பக்கத்தில் வாளைப்போலச் செருகியிருக்கும். திருநெல்வேலிக்காரர், என்னைவிட மிக இளையவர். நிரல் எழுதுவதற்காக அவருடைய நிறுவனம் அவரை ஜப்பானுக்கு அனுப்பியிருக்கிறது. போன மனிதர் ஒரு பழைய வாட்பள்ளியில் சேர்ந்து, அதையே வாழ்க்கையாக்கிக்கொண்டு திரும்பினார். குடிவந்த நாளிலிருந்தே குடியிருப்புக்கு அவர் ஜப்பான்.

அந்தப் பள்ளி பல நூறு ஆண்டுப் பழமை உடையதாம். அதன் முதல் ஆசான் போரில் எல்லாவற்றையும் இழந்து ஒரு மலைக்கோயிலில் அடைந்துகிடந்தபோது கனவில் தெய்வம் தோன்றி வாள்முறையைக் கற்பித்ததாம். சேருகிறவர்கள் விரலைக் கீறி இரத்தத்தால் சத்தியம் செய்ய வேண்டும். பள்ளியின் பெயரை வெளியாரிடம் உச்சரிக்கக் கூடாது. பெயரை ஜப்பான் உச்சரிக்கவே இல்லை. மற்ற அனைத்தையும் பால் வரிசையிலும், பேருந்து நிறுத்தத்திலும், ஒருமுறை துக்க வீட்டிலும் விளக்கினார்.

தெருமுனையில் அவர் சுவரை ஒட்டித் திரும்பமாட்டார். மறுபுறம் எதிரி வாளோடு காத்திருக்கலாம் என்பதால் சாலையின் நடுவரை சென்று வட்டமிட்டுத் திரும்புவார். எதிரி இருந்ததில்லை, ஆட்டோக்கள் இருந்தன. எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தவர் வாசலைப் பார்த்து அமர்ந்தார். பின்னாலிருந்து என் மனைவி வந்ததும் பாதி எழுந்து இடுப்பில் கை வைத்தார். கரண்டி கீழே விழுந்தது.

"சாம்பார் ஊத்தத்தான் தம்பி வந்தேன்" என்றாள் அவள்.

ஞாயிறு காலைகளில் சமுதாயக் கூடத்தில் தனியாகப் பயிற்சி செய்வார். அதில் ஒரு கூச்சல் உண்டு. முதல் ஞாயிறன்றே காவலாளி யாதகிரி என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"சாப், ஜப்பான் சாப் சில்லாரே! சப் லோகாம் டர்ரே!"

அவர் கத்துகிறார், சனங்கள் அஞ்சுகிறார்கள் என்றால் விசாரிப்பது செயலாளரின் கடமை. சென்று கதவருகே நின்றேன்.

"அண்ணாச்சி, எங்க பள்ளியில வேடிக்கை பாக்க இடமில்ல. ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய நில்லுங்க" என்றார். 'சார்' என்று அழைக்கும்படி பலமுறை திருத்தியும் அண்ணாச்சியை அவர் விடவில்லை.

கூடத்தின் சாவி என் பொறுப்பு. வெளியே நிற்பது முறையன்று. உள்ளே சென்றேன். கையில் ஒரு மரவாள் தரப்பட்டது.

அந்தக் கலையில் போட்டி இல்லை, புள்ளி இல்லை. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் தலையை நோக்கி வெட்டுவார். மற்றவர் பாதத்தைத் தேய்த்து விலகி, வெட்டியவரின் மணிக்கட்டுக்கு ஒரு நூலிழை மேலே தன் வாளை நிறுத்துவார். வெட்டியவர் மண்டியிட வேண்டும். யார் வெல்வது என்பது பல தலைமுறைகளுக்கு முன்பே முடிவாகியிருக்கும். எங்கள் சங்கத் தேர்தலும் அதுவரை அப்படித்தான் நடந்துவந்தது.

ஞாயிறுதோறும் ஜப்பான் வெட்டுவார், நான் வெல்வேன். நூலிழையில் நிறுத்துவதுதான் கடினம். சில வேளைகளில் என் வாள் நிற்கவில்லை. அவர் முகம் சுளித்ததில்லை. மணிக்கட்டில் துணிக்கட்டோடு அலுவலகம் போய்வந்தார். எனக்கு வாள் கைவந்துவிட்டது என்றே கருதினேன்.

"கட்டையும் கையுமா கிளம்பிட்டீங்களா?" என்பாள் மனைவி.

"மேற்பார்வைக்குச் செல்கிறேன்."

"மேற்பார்வைக்கு எதுக்குங்க முழங்கால்ல தைலம்?"

அந்த ஆண்டுதான் எனக்கு எதிராக ஒருவர் போட்டியிட்டார். ராவ் என்பவர், மகன் அமெரிக்காவில், வீட்டுக்கு வீடு இணைய இணைப்பு என்று வாக்குறுதி தந்தார். எனக்கு உறக்கம் போயிற்று. யார் வணக்கம் சொன்னாலும் அது எந்தப் பக்கத்து வணக்கம் என்று யோசித்தேன். பொங்கல் விழாவுக்கு அடுத்த ஞாயிறு தேர்தல். விழா மேடையில் வாட்பயிற்சி காட்டினால் என்ன என்று தோன்றியது. குடியிருப்பு முழுவதும் பார்க்க ஒரு வாள்வீரரை நான் மண்டியிடச் செய்த பிறகு, இணைய இணைப்பு எம்மாத்திரம்?

ஜப்பான் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். விழாவன்று திரைக்குப் பின்னால் அவர் நெற்றி தரையில் படும்படி என்னை வணங்கினார். பிறகு எழுந்து, வழக்கமாக நான் நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

"தம்பி, இடம் மாறி நிற்கிறீர்கள்."

"இல்ல அண்ணாச்சி. இன்னிக்கு நீங்கதான் அந்தப் பக்கம்."

"அது தோற்கிற பக்கமாயிற்றே!"

"மூத்தவர் பக்கம் அண்ணாச்சி. தெரிஞ்சவரு தோத்துக் குடுத்தாத்தான தெரியாதவன் கத்துக்கிடுவான்? அதனால எங்க பள்ளியில தோக்கிறவருதான் பெரியவரு. கூடத்துக்குள்ள நான் நின்னேன், சரி. ஊரு முன்னால உங்களப் போயி என் சிஷ்யப்பிள்ளைன்னு நிறுத்துவனா? எனக்கு வெக்கமில்லியா?"

இத்தனை மாதம் நான் வென்றதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

"இந்த விதியை ஒலிபெருக்கியில் அறிவித்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டுத் தோத்தா அதுல என்ன பெரியதனம் இருக்கு அண்ணாச்சி?"

யாதகிரி திரையை விலக்கிவிட்டான். முன்வரிசையில் ராவ் அமர்ந்திருந்தார். முழங்கால் வலி என்று சொல்லி இறங்கியிருக்கலாம்; அப்படி ஒரு வலி உண்மையிலேயே இருந்தது. ஆனால் எதிரே நின்ற மனிதர் தம்மிடமிருந்த எல்லாவற்றிலும் உயர்ந்ததை என் கையில் கொடுத்துவிட்டு, நான் அதை வாங்கிக்கொள்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் என் தலையை நோக்கி வந்த அதே வெட்டை நான் வெட்டினேன். அவர் விலகினார். அவருடைய வாள் இறங்கியது. நான் மண்டியிட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு சீழ்க்கை. "அரே, செக்ரட்டரி சாப் கிர் கயே!" என்று, நான் விழுந்துவிட்டதாக எண்ணி யாதகிரி அலறினான். ராவ் எழுந்து நின்று கைதட்டினார். வெகுநேரம் தட்டினார்.

தேர்தலில் தோற்றேன். அன்று மாலை ஜப்பான் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

"அண்ணாச்சி, என்னாலயா?"

"தண்ணீர்த் தொட்டியால்" என்றேன். "உள்ளே வாருங்கள்."

அடுத்த மழைக்காலத்தில் அவருடைய நிறுவனம் அவரை மீண்டும் ஜப்பானுக்கே அனுப்பியது. வழியனுப்ப வாயில்வரை சென்றேன், நல்ல மழை. அவர் இடுப்பிலிருந்து குடையை உருவினார். ஒரே வீச்சில், பள்ளி முறைப்படி. விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். கைப்பிடியை என்னிடம் தந்துவிட்டு, நனைந்துகொண்டே போய் வாடகைக் காரில் ஏறினார். குடை என்னிடம் இருக்கிறது. நானும் அதை விரிப்பதில்லை.

செயலாளர் மேடையில் அடிபட்டு விழுந்தார் என்று ராவ் தரப்பினர் இன்றும் சொல்லிவருகிறார்கள். நான் விழவில்லை, மண்டியிட்டேன். அடியும் படவில்லை. அவருடைய வாள் என் மணிக்கட்டுக்கு ஒரு நூலிழை மேலே நின்றது.