இரண்டே நாளுக்கு விட்டுச்சென்ற மூன்று குட்டிகளின் ஆகாரம் குறித்து

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் புது வீட்டில் சௌக்கியமாக, முக்கியமாக நல்ல தூக்கத்துடன், இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறை என்பதால் எழுதிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இன்றோடு இருபது நாள் ஆகிறது. நீங்கள் வேலை பார்க்கும் அச்சகத்தின் காகிதக் கிடங்கில் குட்டி போட்ட பூனை, வாசலில் திரும்பிய லாரியில் அடிபட்டுச் செத்தது பரிதாபம்தான், ஒப்புக்கொள்கிறேன். கண் அப்போதுதான் திறந்திருந்த அதன் மூன்று குட்டிகளையும் செருப்புப் பெட்டியில் எடுத்து வைத்தது உங்கள் நல்ல மனசு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல மனசு உங்களுடையதாகவும் துடைக்கிற துணி என்னுடையதாகவும் ஆனது எப்படி என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம். “வீட்டுக்காரர் பிராணி வளக்கக் கூடாதுங்கிறார் மாமா. ரெண்டே நாள். ஆள் பாத்துட்டேன், வந்து வாங்கிக்குவாங்க” என்று வாசலில் நின்றே சொன்னீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. செருப்பைக் கழற்றாமல் பேசுகிறவர்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள் என்பதை உணவு ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. பெட்டி கைமாறிவிட்டது.

அந்த முப்பத்தோரு வருஷத்தைப் பற்றி உங்களுக்கு நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும். என் மூக்கு முன்வாசலில் நுழைந்தால் சமையல்காரர்கள் பின்வாசலில் வெளியேறுவார்கள். கெட்ட எண்ணெயை எட்டடி தூரத்தில் கண்டுபிடிப்பேன். ஊரே எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனுக்கு, உள்ளங்கையளவு ஜந்துக்கள் மூன்றுக்கு என்ன போடுவது என்பது ஒரு கேள்வியா? நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். என் விஷயத்தில் அது என் அலமாரியையும் கெடுத்தது. “பூனைன்னா பால்தானே” என்றேன். “ஏங்க, பச்சக் குட்டிங்க, யாரையாவது கேட்டுட்டுக் குடுங்க” என்றாள் உங்கள் அத்தை. பூனை பால் குடிக்குமா என்று விசாரிக்கக் கமிட்டியா போட முடியும்? பசும்பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டித் தட்டில் ஊற்றி வைத்தேன். குட்டிகள் அதைக் குடிக்கவில்லை, அதில் நடந்தன. ஒன்று குப்புற விழுந்து தும்மியது. சரியென்று பஞ்சில் நனைத்து வாயில் பிழிந்தேன், சப்புக்கொட்டிக் குடித்தன. அந்த வெற்றி மூன்று மணி நேரம் நீடித்தது. அதற்குப் பின் நடந்ததை ஒரு மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதுவது அழகல்ல. பெட்டியை என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன், அவை பெட்டியை விட்டு ஊர்ந்து வெளியே வந்திருந்தன, பக்கத்தில் திறந்து கிடந்தது உணவுத் தர விதிகள் இரண்டாம் பாகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாலு அத்தியாயம் போயே போய்விட்டது. அந்தப் புத்தகத்துக்கு இதுவரை வந்ததிலேயே நேர்மையான விமர்சனம் இதுதான் என்று உங்கள் அத்தை சொல்கிறாள்.

உங்கள் மனைவிக்குப் போன் போட்டோம். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்காமல், குட்டிகளுக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, மகளாகப் பிறந்த கடனுக்கு நாற்பத்தோரு வீடியோ அனுப்பிவைத்தாள். ஒன்றில் தாடிக்காரர் ஒருவர் பச்சை இறைச்சிதான் அமிர்தம் என்கிறார். அடுத்ததில் ஓர் அம்மாள் அதைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்கிறாள். மூன்றாவதில் பூனையே பேசுகிறது. மூன்றில் அதுதான் கொஞ்சம் நிதானமாகப் பேசியது.

ஆகவே மறுநாள் காலை, பிராணிகளுக்கான தீனி விற்கும் கடைக்கு நானே நேரில் சென்றேன். உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் எழுந்து நின்றார். “குழந்தைக்கு எத்தனை வாரம் சார்?” என்றார். முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகிவிட்டது என்றேன். குட்டியைத்தான் கேட்டாராம். இப்போதுதான் கண் திறந்தது என்றேன். அப்புறம் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, “என்னைத் தெரியுதா சார்?” என்றார். தெரியவில்லை. “பஸ் நிலையத்துக்கு எதிர்ல சாப்பாட்டுக்கடை வெச்சிருந்தேனே. பதினோரு வருஷம் முன்னாடி நீங்கதான் வந்து சீல் வெச்சீங்க. அப்புறம்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இங்க நிம்மதி சார். சாப்பிடறவங்க யாரும் புகார் எழுதறதில்ல.” வாசல் எவ்வளவு தூரம் என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவரோ சிரித்த முகத்தோடு ஒரு நீலநிற டப்பாவை எடுத்து வைத்தார். “ரெண்டு வாரக் குட்டின்னா இதான். தாய்ப்பாலுக்குப் பதிலா குடுக்கிற பவுடர். வெதுவெதுப்பான தண்ணில கலக்கி, சிரிஞ்சுல சொட்டுச் சொட்டா விடணும். வேற எதையும் வாங்காதீங்க சார்.”

மாப்பிள்ளை, நீங்களே யோசியுங்கள். ‘வேறெதையும் வாங்காதீங்க’ என்று ஒரு கடைக்காரர், அதுவும் நான் சீல் வைத்த கடைக்காரர், சொன்னால் அதில் வில்லங்கம் இல்லாமல் இருக்குமா? பழிவாங்குகிறான் என்று முடிவுகட்டினேன். டப்பாவை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, அலமாரி அலமாரியாக ஒன்றேகால் மணி நேரம் படித்தேன். ‘கோழிச் சுவையுடன்’ என்றிருந்தால் கோழி அந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம். ‘புதிய மேம்பட்ட தயாரிப்பு’ என்றால் போன வருஷம் விற்றது குப்பை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ‘பூனைகள் விரும்பும் உணவு’ என்று ஒரு பொட்டலத்தில் பார்த்து, எந்தப் பூனை, வாக்குமூலம் எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் எனக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். கடைசியில், பத்தொன்பது சத்துகள் வரிசையாக அச்சிட்டிருந்த ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் தேர்ந்தெடுத்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒன்றுவிடாமல் படித்தவன், முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘வளர்ந்த பூனைகளுக்கு’ என்று போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. திருட்டெல்லாம் பொடி எழுத்தில்தான் இருக்கும் என்பது எங்கள் இலாகாப் பழக்கம். “சார், அது வேணாம்…” என்று கடைக்காரர் ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பிஸ்கட்டைக் கொட்டினேன். குட்டிகள் அவற்றை முகர்ந்தன, மேலே ஏறிப் படுத்தன, ஒன்று உருட்டி விளையாடியது. “ஏங்க, வாயைத் தொறந்து பாத்தீங்களா?” என்றாள் உங்கள் அத்தை. திறந்து பார்த்தேன். பல்லே இல்லை. சரி, தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி ஊட்டலாம் என்றேன். கூழாக்கினேன். என் சட்டை, என் கண்ணாடி, சுவர்க் கடிகாரம் ஆகியவை சாப்பிட்டன. மூன்று நாள் இப்படியே போனது. பெரியது இரண்டும் எப்படியோ கொஞ்சம் நக்கித் தாக்குப்பிடித்தன. அவற்றுக்குக் குண்டு, கறுப்பு என்று பெயர். பெயர் வைக்கக் கூடாது என்று நான் தடைபோட்டிருந்தேன், உங்கள் அத்தை மீறிவிட்டாள், அடையாளத்துக்காக மட்டும் நானும் எழுதுகிறேன். மூன்றாவது சுண்டு. பெயருக்கேற்ற அளவு.

ஐந்தாம் நாள் காலை சுண்டு எழுந்திருக்கவில்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. வாயைத் திறக்கவில்லை, கத்தவும் இல்லை. உங்கள் அத்தை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதை ஒரு துண்டில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் தப்பு என் மேல் இருந்தும் அவள் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை, நான் பயந்துவிட்டேன். எதிர்ப்பட்ட முதல் வண்டியை மறித்து மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

வைத்தியர் ஒரு பெண்மணி, என் மகள் வயதுதான் இருக்கும். சுண்டுவை ஒரு தராசில் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார், உடனே வெந்நீர்ப் பை ஒன்றின் மேல் துணி விரித்துப் படுக்கவைத்தார். “முதல்ல சூடு. உடம்பு சில்லுன்னு இருக்கும்போது எதையும் ஊட்டக் கூடாது. சரி, இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க?” சொன்னேன். “பசும்பாலா? யார் சொன்னா?” உங்கள் அத்தை என் பக்கம் விரலைக்கூட நீட்டவில்லை, திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். “அதுக்கப்புறம் பெரிய பூனை பிஸ்கட்டா? ஏன் பெரியவரே, பிறந்த குழந்தைக்கு முறுக்கு குடுப்பீங்களா? மேலே எழுதியிருக்கிறதைப் படிக்கவே மாட்டீங்களா?” என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம். ஒவ்வொரு வாக்கியமும் எனக்குப் பழக்கமானது. அழுக்குக் கரண்டி வைத்திருந்த சமையல்காரர்களிடம் நான் பேசியது அதே தொனியில்தான். அவர்கள் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. தரையில் பார்க்க நிறைய இருக்கிறது. “என்ன வேலை பாத்தீங்க நீங்க?” என்றார் கடைசியில். தபால் இலாகா என்றேன். “உணவு ஆய்வாளர்” என்றாள் உங்கள் அத்தை, தெளிவாக. வைத்தியர் சீட்டில் ஒன்று எழுதி நீட்டினார். அதில் இருந்தது அந்த நீல டப்பாவின் பெயர்.

கடைக்கு எப்படி நடந்து போனேன் என்று கேட்காதீர்கள். டப்பா தனியாக, ஒரு பையில் போட்டு, மேஜை மேலேயே இருந்தது. “மறுநாளே வருவீங்கன்னு நெனச்சேன் சார். மூணு நாள் ஆயிடுச்சே, குட்டிங்க இருக்குதுங்களா?” என்றார். அந்தக் கேள்வியில் கேலி இருக்கும் என்று தேடினேன், இல்லை. பிறகு ஒரு பொம்மைப் பூனையைக் கையில் எடுத்து, மல்லாத்தி ஊட்டக் கூடாது, புரையேறிவிடும், வயிறு கீழே இருக்கும்படி பிடித்துத்தான் ஊட்ட வேண்டும், சிரிஞ்சை ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் போட வேண்டும் என்று செய்து காட்டினார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. “அன்னிக்கு உங்க கடைய மூடினது…” என்று இழுத்தேன். “அது சரிதான் சார். அங்க நானே சாப்பிட மாட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை, பிரசவ வார்டாகிவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம். நான் கலக்க, அவள் பிடிக்க, அவள் கலக்க, நான் பிடிக்க, சூடு அதிகம், சூடு போதாது என்று இருவரும் மாறி மாறிச் சண்டை. முதல் நாள் சுண்டு நாலு சொட்டு விழுங்கியது. மூன்றாம் நாள் சிரிஞ்சைக் காலால் பிடித்துக்கொண்டது. தராசில் பதினோரு கிராம் கூடியிருந்தபோது உங்கள் அத்தை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கூவினாள், நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். இப்போது பல் முளைத்துவிட்டது. வைத்தியர் சொன்னபடி குட்டிகளுக்கான ஈரத் தீனியைப் பவுடர் பாலில் குழைத்துத் தட்டையான தட்டில் வைக்கிறோம். பழையதைக் குறைத்து, புதியதைக் கூட்டி, ஒரு வாரம் எடுத்து மாற்ற வேண்டுமாம். குண்டு தட்டுக்குள்ளேயே நின்று சாப்பிடுகிறது. தொழில் தர்மத்துக்காக நானும் ஒரு விரல் தொட்டு ருசி பார்த்தேன். உப்பில்லை, காரமில்லை, ஆனால் நேரத்துக்கு எனக்குச் சாப்பாடு கிடைத்தே பதினைந்து நாள் ஆன நிலையில், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வரியை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆள் பார்த்துவிட்டேன் என்றீர்களே, அந்த ஆள் எங்கே? நான் இருபது நாளாகச் செய்தித்தாள் படிக்கவில்லை. என் சாய்வு நாற்காலி என் வசம் இல்லை. உங்கள் அத்தை என்னிடம் பேசுகிற வார்த்தைகளில் பாதி, ‘மெதுவா, மிதிச்சிடாதீங்க’ என்பது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் நீங்கள் நேரில் வந்து மூன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். இது வேண்டுகோள் அல்ல, நோட்டீஸ். தவறினால் பெட்டியோடு உங்கள் அச்சக வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் நானும் திரும்பிவிடுவேன்.

நீங்களும் என் மகளும் சகல நலமும் பெற்று, வீட்டுக்காரர் தொல்லையின்றி, நேரத்துக்குச் சாப்பிட்டு நீடூழி வாழ்க.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வைத்தியர் அனுப்பியதாகச் சொல்லி ஒரு தம்பதி வந்தார்கள். நல்ல மனிதர்கள், தோட்டமுள்ள வீடு, மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கொடுத்துவிடலாம் என்றுதான் உட்காரவைத்தேன். முறைப்படி சில கேள்விகள் கேட்டேன். என்ன தீனி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எப்படிப் பிடித்து ஊட்டுவது, தீனியை எத்தனை நாளில் மாற்றுவது. நாலுக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். எனக்கு வேறு வழியில்லை. சுண்டுவுக்கு எந்தக் காதுக்குப் பின்னால் தடவினால் முதல் வாய் வாங்கும் என்று ஐந்தாவதாக ஒன்று கேட்டேன். விழித்தார்கள். தகுதி போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் அத்தை அவர்களுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தாலும் அதே ஐந்து கேள்விதான். ஐந்தாவதற்கு விடை கேட்டு இங்கே போன் போட வேண்டாம். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று உங்கள் அத்தையிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.