வெளியூர் மேட்சுக்கு முப்பது டிக்கெட்

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வாயைத் திறந்தபடியே "ஆ... ஆ..." என்று எதையோ சொல்ல முயன்றார். பல் டாக்டர் அவர் வாய்க்குள் விட்டிருந்த சின்னக் கண்ணாடியை வெளியே எடுத்தார்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர். எனக்கு ஒரு டிக்கெட்!"

காலையிலிருந்து இவர் நாலாவது ஆள். பல் டாக்டர்தான் ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர் சங்கச் செயலாளர். கோப்பை யாருக்கு என்று முடிவாகப் போகும் மேட்ச் எதிரணியின் ஊரில் நடக்கிறது. அவர்கள் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது முப்பதே டிக்கெட். சங்கத்திலோ இருநூறு பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் திடீரென்று பல்வலி வந்திருந்தது.

"யார் முகத்தையும் பாத்துக் குடுக்க மாட்டேன். நாளைக்குக் காலைல க்ளினிக் வாசல்ல கொடுப்பேன். முதல்ல வர்றவங்களுக்கு முதல்ல" என்று அறிவித்தார் டாக்டர். நியாயம் என்றால் அவருக்கு உயிர்.

மறுநாள் வரிசை தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது. தலையணையோடு வந்தவர்கள்கூட உண்டு. நிஜமாகவே கன்னம் வீங்கிய ஒருவர் உள்ளே போகப் பார்த்தார். வரிசை விடவில்லை.

"கன்னத்துல பஞ்சு வெச்சிக்கிட்டு நிறைய பேர் கிளம்பியிருக்காங்க. பின்னால போய் நில்லுங்க சார்!"

டாக்டர் ஓடி வந்து அவரை மீட்டு உள்ளே அழைத்துப் போவதற்குள், ஆஸ்பத்திரி நர்ஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"நான் நைட் டியூட்டி முடிச்சு வர்றதுக்குள்ள வரிசை இவ்வளவு நீளமாயிடுச்சு. உயிரைக் காப்பாத்திட்டு வந்தவளுக்கு டிக்கெட் இல்ல, வீட்டுல தூங்கி எழுந்து வந்தவருக்கு உண்டு. இதான் உங்க நியாயமா டாக்டர்?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. வரிசையைக் கலைத்தார். தலையணைக்காரர்கள் அவருடைய பரம்பரையையே இழுத்துப் பேசிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஏற்பாடு: வெளியூர் மேட்சுகளுக்கு அதிகம் போனவர்களுக்கே முன்னுரிமை.

இதைக் கேட்டதும் ஓய்வுபெற்ற தபால்காரர் மீசையை முறுக்கிக்கொண்டார். மழையோ வெயிலோ, அணி போன இடமெல்லாம் போனவர் அவர். ஆனால் மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குப் போன மேட்சுகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் சொன்ன மேட்ச், அணியே ஆரம்பிக்கப்படாத காலத்தில் நடந்திருந்தது.

"போனவங்களே திரும்பத் திரும்பப் போனா, போகாதவ எப்பத்தான் போறது?" என்றாள் நர்ஸ்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. டாக்டரின் கஷ்டமே அதுதான், யார் பேசினாலும் அவருக்கு நியாயமாகப் பட்டுவிடும்.

"குலுக்கல்!" என்றார் கடைசியில். க்ளினிக்கின் எவர்சில்வர் கிண்ணத்தில் எல்லார் பெயரையும் சீட்டாகப் போட்டு, சங்கக் கூடத்தில் எல்லார் முன்னாலும் குலுக்கி, நர்ஸையே எடுக்கச் சொன்னார்.

முதல் சீட்டு டாக்டரின் மனைவி. இரண்டாவது டாக்டர்.

தபால்காரர் தொண்டையைச் செருமினார்.

"பல்லைப் பிடுங்கறதுலதான் டாக்டர் கெட்டிக்காரர்னு நெனச்சிட்டிருந்தேன்."

டாக்டருக்கு முகம் சிவந்தது. இரண்டு சீட்டையும் எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"செயலாளருக்கும் கிடையாது, செயலாளர் குடும்பத்துக்கும் கிடையாது. டிக்கெட்ல பாதி, வழக்கமா போறவங்களுக்கு. போனேன்னு சொன்னா, கூட வந்த ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். மீதிப் பாதி, ஒரு தடவைகூடப் போகாதவங்களுக்குக் குலுக்கல்ல. போக முடியாதவங்க டிக்கெட்டைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்துடணும், மச்சானுக்குக் கொடுக்கக் கூடாது. சரியா?"

தபால்காரர் கைதட்டினார். கூடமே தட்டியது. தபால்காரருக்குக் கிடைத்தது, நர்ஸுக்கும் விழுந்தது, கிடைக்காதவர்கள்கூட டாக்டரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"என் சீட்டையுமா கிழிச்சீங்க?" என்றாள் மனைவி.

"உன்னோடதைத்தான் முதல்ல கிழிச்சேன்!"

"சரி" என்றாள். மேட்சுக்கு முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அம்மாவைப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பியும் விட்டாள். அவள் பிறந்த வீடு எதிரணியின் ஊரில்தான் இருந்தது. ஆனால் கல்யாணமான கையோடு கட்சி மாறிவிட்டாள் என்று டாக்டர் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரைவிடச் சத்தமாகக் கத்துகிறவள். அப்படிப்பட்டவளின் சீட்டைக் கிழித்தால் கோபம் வராதா?

மேட்ச் அன்று, டிக்கெட் கிடைக்காதவர்கள் க்ளினிக்கில் டிவி முன்னால் கூடினார்கள். மைதானத்தின் ஒரு மூலையில் நீலச் சட்டைகள். முப்பது இடமும் நிறைந்திருந்தது, ஒன்றுகூடக் காலியில்லை. தபால்காரரும் நர்ஸும் தோளோடு தோள் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். தன் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிஷத்தில் விழுந்தது கோல். கோப்பை நமக்கு! க்ளினிக் அதிர்ந்தது. ஒருவர் டாக்டரைத் தூக்கிப் பல் பிடுங்கும் நாற்காலியின் மேலேயே நிறுத்திவிட்டார்.

டிவியில் எதிரணிக் கூட்டத்தைக் காட்டினார்கள். சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே, சிவப்புத் துண்டு போர்த்திக்கொண்டு, கன்னமெல்லாம் கண்ணீர் வழிய ஒரு பெண்.

"டாக்டர், அது நம்ம..."

எல்லாத் தலைகளும் திரும்பின. டாக்டர் நாற்காலி மேல் நின்றபடியே கையை உயர்த்தினார். குரல் கணீரென்று வந்தது.

"பாத்தீங்களாய்யா! நம்ம டிக்கெட் வேண்டாம்னு, எதிரி கூட்டத்துல வேஷம் போட்டு உக்காந்து பாத்திருக்கா! அது ஆனந்தக் கண்ணீர்! நியாயம்னா என் பொண்டாட்டியைப் பாத்துக் கத்துக்கணும்!"

கைதட்டல் அடங்கவில்லை. அப்போது போன் அடித்தது. மனைவியின் தம்பி. எல்லாரும் கேட்கட்டும் என்று டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, அக்காவைத் தேத்தவே முடியல, நீங்களாவது சொல்லுங்க. எங்க டீம் தோத்துட்டா சின்ன வயசுலேருந்தே அவ ரெண்டு நாள் சாப்பிட மாட்டா!"