உங்கள் மகளின் சாமுராய் இறந்த விவரம்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். முதல் வரியில் நாங்கள் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், பேனா நகர மறுக்கிறது. ஆகவே, நாங்கள் இங்கே இருக்கிறோம். நீங்களும் சம்பந்தியம்மாவும் அங்கே நலமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் என்னை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விட்டதில்லை என்பது ஒரு காரணம். இந்த வீட்டில் சமையலறையில் பெருமூச்சு விட்டால் வாசல் வரை கேட்கும் என்பது இன்னொன்று.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் "குளிக்கிறாள்", "தூங்குகிறாள்" என்று நான் சொன்னது அத்தனையும் பொய். என் பேச்சை நம்பினால் உங்கள் மகள் ஒரு நாளைக்கு நாலு தடவை குளித்துவிட்டு மீதி நேரமெல்லாம் தூங்கியிருக்கிறாள். போன வாரம் சம்பந்தியம்மா கவலைப்பட்டு, "இப்படிக் குளிச்சா சளி பிடிக்காதா அண்ணா?" என்று கேட்டார்கள். நான் கூசாமல், "வெந்நீர்தாம்மா" என்றேன். போனை நீட்டினால் அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலை உங்களுக்கு எப்படிப் போனில் சொல்வது?

நிஜத்தில் அவள் வாசல் அறையில் டிவி முன்னால் உட்கார்ந்து சாமுராய் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

பதறாதீர்கள். விவரமாகவே சொல்கிறேன். குழந்தை மூச்சில்லாமல் பிறந்த அந்த வாரம் நீங்கள் இருவரும் இங்கேதான் இருந்தீர்கள். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசியும் கையுமாக நிற்கிறவள், திடமான பெண் என்று நாம் எல்லாரும் சேர்ந்து பாராட்டினோம். நீங்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு நாள் அவள் அந்தச் சின்ன அறையைத் திறந்தாள். குழந்தைக்கென்று வாங்கி வைத்த எதுவும் அங்கே இல்லை, என் மகன் எல்லாவற்றையும் அகற்றியிருந்தான். மூலையில் அவன் படிக்கிற காலத்தில் வைத்திருந்த பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி மட்டும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து டிவியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்தான். லேப்பில் விடுப்பை நீட்டித்தாள். என் செய்தி போயிற்று, வானிலை போயிற்று. வெளியே மழையா வெயிலா என்று நான் சன்னல் வழியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்தேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி மகனிடம் கேட்டேன். "ரொம்பப் பழசுப்பா. வந்தப்ப யாரும் வாங்கலை. ஆனா ஒரு தடவை விளையாடினவன் விடமாட்டான். இன்னிக்கும் அதுக்குன்னு ஒரு கூட்டமே அலையுது" என்றான். கதை இதுதான். எஜமான் இல்லாத ஒரு சாமுராய், அதாவது ஜப்பான் நாட்டு வாள்வீரன், ஒரு படகுத்துறைக்கு வந்து இறங்குகிறான். ஊரில் இரண்டு கும்பல்களுக்குள் தகராறு. இவன் யாரோடு வேண்டுமானாலும் சேரலாம், யாரை வேண்டுமானாலும் வெட்டலாம். வெட்ட வெட்ட வீரம் கூடும், நல்ல வாள்கள் கிடைக்கும். ஆனால் செத்தால் செத்ததுதான். சேர்த்து வைத்தது எல்லாம் அழிந்து, மறுபடியும் வெறுங்கையோடு படகிலிருந்து இறங்க வேண்டும். இப்படி ஒரு கறாரான ஆட்டத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. யாரும் வாங்கவில்லை என்று கேட்டபோது மனுஷர்கள்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

உங்கள் மகளோ யாரையும் வெட்டவில்லை சம்பந்தி. பிழைப்புக்காக ஊரார் ரத்தத்தை எடுக்கிறவள், அங்கே ஒரு சொட்டு சிந்த விடவில்லை. காலையில் சாமுராயை எழுப்புவாள். ஆற்றங்கரையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஒரு விதவை அம்மாளுக்கு அவன் விறகு தூக்கிப் போடுவான், தண்ணீர் சுமப்பான். அப்புறம் கரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பான். அவன் ஆற்றைப் பார்ப்பதை அவள் பார்ப்பாள். அவர்கள் இருவரையும் நான் பார்ப்பேன். கும்பல்காரர்கள் வந்து வம்பு இழுத்தால் மண்டியிட்டுத் தலை தரையில் படக் கும்பிட ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஆனால் வாளை மட்டும் தினமும் கொல்லனிடம் கொண்டுபோய்ச் சாணை பிடிப்பான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, சண்டையே போடாதவனுக்கு எதுக்கும்மா சாணை பிடிச்ச கத்தி?"

"இருக்கட்டும் மாமா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அது. அதற்காகவே நானும் தினமும் பக்கத்தில் நாற்காலியைப் போட ஆரம்பித்தேன். என் மகன் வருவதே இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஊரே திடீரென்று பார்வை மங்கிப்போனதுபோல விடியுமுன் போய் விளக்கு வைத்த பிறகு வருவான். வந்தால் இருவரும் உப்பைத் தள்ளு, விளக்கை அணை என்ற அளவில் பேசிக்கொள்வார்கள். நடுவில் நான் உட்கார்ந்து, கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பேன்.

இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் அந்தச் சாமுராய்மேல் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது. ஒருநாள் கும்பல்காரன் ஒருத்தன் அவன் தலைமேல் காலை வைத்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்து, "எந்திரிடா! வெட்டுடா அவனை! கழுத்தைப் பாத்து வெட்டு!" என்று கத்திவிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர் கத்திரிக்கோலோடு மேலே ஓடி வந்தார். என்ன விஷயம் என்று நான் விளக்கிச் சொன்ன பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு யாராவது வெட்டப்பட்டிருந்தாலே தேவலாம் என்று இருந்தது.

இனி எழுதப் போவதுதான் நான் பயந்துகொண்டிருந்த பகுதி. நேற்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. மகன் கடைக்கு லீவு போட்டு அழைத்துக்கொண்டு போனான். நான் தனியாக இருந்தேன். டிவியில் சாமுராய் தேநீர்க்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். களைத்து வருகிறவளுக்கு உதவியாக நாமே நாலு கட்டு விறகைத் தூக்கிப் போட்டு வைப்போமே என்று எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. என் வாழ்க்கையில் நடந்த பெரிய சேதங்களெல்லாம் இப்படி நல்ல எண்ணம் வந்தபோது நடந்தவைதான். விறகு தூக்குகிற பட்டனைச் சும்மா தட்டினால் விறகு. அழுத்திப் பிடித்தால் வாள். இதை ஒரே பட்டனில் வைத்தவன் யார் என்று தெரியவில்லை. என் கட்டைவிரலுக்கு நடுக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வாள் உருவிக்கொண்டது. அந்த அம்மாள் வீரிட்டாள். அத்தனை நாளாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கும்பல்களும் இதில் ஒத்துப்போய், இரண்டு தெருவிலிருந்தும் ஓடி வந்தன. நான் பதறிக் கும்பிடுகிற பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினேன். அவன் மண்டியிட்டான். வாளைக் கீழே வைத்தான். தலையைத் தரையில் வைத்தான். அப்படியே வெட்டிவிட்டார்கள், பாவிகள்.

திரை கறுத்தது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். ஆட்டம் இருக்கிற குறுந்தட்டை வெளியே எடுத்து, மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்து, ஊதி, திரும்பப் போட்டேன். எல்லாம் பண்ணியும் ‘புதிய ஆட்டம்’ என்ற ஒரே வரிதான் வந்தது.

அவர்கள் வந்தார்கள். மகன் குளியலறைக்குப் போனான். நான் கேட்காமலே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அவள் டிவியைப் போட்டாள். அந்த ஒற்றை வரியைப் படித்தாள்.

"மாமா, அவன் எங்க?"

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணத்தன்று நான் மைக்கைப் பிடுங்கி, விருந்து தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்ததை நீங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊருக்கெல்லாம் வருந்துகிறோம், வருந்துகிறோம் என்று சொன்னேனே தவிர, ஒரு நாளும் வருந்தியதில்லை. வண்டி தாமதமானதற்கு நான் என்ன செய்வேன்? அந்தக் குரல்தான் முதலில் வந்தது. "தவிர்க்க முடியாத காரணங்களால்..." என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே அந்தக் குரலை விட்டுவிட்டேன்.

"தெரியாம கை பட்டுருச்சும்மா. கும்பிட்டேன். தலைய தரையில வச்சுக் கும்பிட்டேன். கும்பிட்டும் விடலைம்மா."

"கடைக்காரம்மா பக்கத்துல இருந்தாங்களா?"

"இருந்தா. கத்திக்கிட்டே இருந்தா."

"யாராவது கூட இருந்தாங்கல்ல. சரி" என்றாள். அப்புறம் அழுதாள். சம்பந்தி, அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடாமல், அடிவயிற்றிலிருந்து அழுதாள். என் மகன் சோப்பு நுரையும் துண்டுமாக ஓடி வந்தான். நான் ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, "அப்பா, என்னப்பா சொன்னீங்க அவகிட்ட?" என்று என்மேல் பாய்ந்தான். நான் டிவியைக் காட்டினேன்.

"ஒரு பொம்மை செத்ததுக்கா இப்படி அழற?"

"அதுக்குத்தான் அழறேன்னு நினைக்கிறீங்களா?" அவள் எழுந்து நின்றாள். "தொட்டிலை ஏன் திருப்பிக் கொடுத்தீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ வந்து பாத்தா தாங்கமாட்டேன்னு..."

"நான் பாக்கணும்னுதான் அந்த ரூமைத் திறந்தேன். தொட்டில் இல்லை, துணி இல்லை. ஒண்ணுமே நடக்காத மாதிரி தரையைத் துடைச்சு வச்சிருந்தீங்க."

அவன் நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "நான் தூக்கினேன்" என்றான். "நீ மயக்கத்துல இருந்தே. நர்ஸம்மா குழந்தைய என் கையில கொடுத்தாங்க. கொஞ்ச நேரம் நான்தான் வச்சிருந்தேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அவள் அவன் எதிரே உட்கார்ந்தாள். "எப்படி இருந்துச்சு? சொல்லுங்க" என்றாள்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கும் அது பேரக்குழந்தைதான், எனக்கும் கேட்க ஆசைதான். இருந்தாலும் அது அவளுக்குச் சொல்ல வேண்டிய சேதி. படியில் நின்றேன். கீழ்வீட்டுத் தையல்காரர் சத்தத்தைக் கேட்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஏறி வந்தார். என்னைப் பார்த்தார். இறங்கிப் போய், தான் தைக்க உட்காருகிற ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

நேற்றிலிருந்து இருவரும் தங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். அழுகை நிற்கிறது, மறுபடி கேட்கிறது. சில சமயம் அவளுடையது, சில சமயம் அவனுடையது. சாப்பாட்டை அறை வாசலில் வைக்கிறேன், பாதி குறைகிறது. அமைதியாக இருந்த வீட்டை நான்தான் ஒரு கட்டைவிரலால் கலைத்துவிட்டேன். இந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே, தயவுசெய்து நீங்களும் சம்பந்தியம்மாவும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைச் சில மாதங்களுக்கு உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். தாய் மடியில் கிடந்தால் தேறுவாள். அவள் துணிமணிகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். மறுக்காதீர்கள்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். சம்பந்தியம்மாவுக்கு நல்ல தூக்கம் வரட்டும். இனி உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நல்ல சேதி மட்டுமே போய்வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் அன்பை நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: நேற்றிரவு மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். கடிதத்தை மடித்துக்கொண்டு இன்று காலை வாசல் அறைக்கு வந்தால், அவள் லேப் உடுப்பைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். உடுப்பு தொளதொளவென்று தொங்குகிறது. கண் இரண்டும் வீங்கியிருக்கின்றன. திரையில் புதிதாக ஒரு சாமுராய். வழுக்கைத் தலை, நரைத்த மீசை, தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். "மாமா, தலை சரியா வந்திருக்கா?" என்றாள். "மூக்குதான் கொஞ்சம் பெரிசு" என்றேன். "மூக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள். "லேப்புக்குப் போறேன், அரை நாள்தான். அதுவரைக்கும் இவரைப் பாத்துக்கங்க." மகன் அவளை வண்டியில் கொண்டுபோய் விடப் போயிருக்கிறான். போகிற வழியெல்லாம் அழுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆனால் யாரையும் அழைத்துப்போக வராதீர்கள், வந்து தங்குங்கள். இந்தக் கடிதம் எப்போது வந்து சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் இன்னும் தபால்பெட்டிக்குக் கிளம்பவில்லை. படகுத்துறையில் நல்ல மழை. அந்த ஆள் நனைந்துகொண்டு நிற்கிறான், எந்தப் பட்டனை அழுத்தினால் கூரைக்குக் கீழே போவான் என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டு எழுந்து போகவும் மனசு வரவில்லை.