மௌத்து வீட்டில் காரணம் சொல்பவர்

சாவு வீட்டுக்கு அழ வராமல் ஆராய வருகிற ஒரு மனித வகை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைத் தொங்கப்போட்டு, பாயில் உட்கார்ந்து, பெருமூச்சு ஒன்றை முழுசாக விட்டு முடித்தபின், மெல்லத் தொண்டையைக் கனைப்பார். தீர்ந்தது. இனி இறந்தவரே எழுந்து மறுத்தாலும் விடமாட்டார்.

முப்பத்தெட்டாம் வருஷம், காஜிமார் தெருவில் மரியம் பீவி நிமோனியாவில் மௌத்தான மறுநாள் வந்த பக்கீர் முகமது, இந்த வகையில் முதல் தரம். சோழவந்தான் வெற்றிலை மொத்த வியாபாரி. ரத்தத்தைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் பாதி படித்தவர். முழுதாகப் படித்தால் இந்தத் தைரியம் வருமா?

"ரத்தத்துல காம்ப்ளிமெண்ட்னு ஒண்ணு இருக்கு மாப்ள. கிருமியக் கொல்றது அதுதான்" என்று மரியம் பீவியின் மகன் யூனுஸிடம் ஆரம்பித்தார்.

யூனுஸ் சென்னையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். அந்தப் பொருளைத் தினமும் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துப் புழங்குகிறவன். ஆனாலும் துக்கம் விசாரிக்க வந்தவரை மறுத்துப் பேசுவது அங்கே வழக்கமில்லை.

"அது வெத்தலைக் கவுளிக் கட்டு மாதிரி. ஐம்பத்தாறு டிகிரி சூடு பட்டா அம்புட்டும் பாழு. ஒத்தடம் கித்தடம் குடுத்தீகளோ?"

"உப்பு ஒத்தடம் குடுத்தேன் மாமு, நெஞ்சுல. ஓயாம குடுத்தேன்." திரைக்குப் பின்னாலிருந்து யூனுஸின் தங்கை லத்தீபா.

"அங்கதான் வெந்து போச்சு!" அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

திரைக்குப் பின்னால் குரல் உடைந்தது. "அப்ப நான்தான் அம்மாவக் கொன்னுட்டேனாண்ணே?"

யூனுஸ் வழக்கத்தை மீறினான்.

"மாமு, அது சோதனைக் குழாய்க் கணக்கு. உடம்புக்குள்ள ரத்தம் அம்புட்டுச் சூடானா காம்ப்ளிமெண்ட் வேகுறதுக்கு முன்னாடி ஆளே வெந்துருவாக. அது ஒண்ணு இல்ல, பல புரதம். எதிர்ப்பொருள் கிருமி மேல ஒட்டுனதும் ஒவ்வொண்ணா வரிசையா வந்து சேரும். சேந்தாச்சுன்னா கிருமி உடையும். உடையாததை வெள்ளை அணு விழுங்கும். ஒத்தடச் சூடு தோலோட சரி."

"அதத்தான மாப்ள நானும் சொன்னேன்!" என்றார் பக்கீர் முகமது.

வேறென்ன சொல்வார்?

"அம்புட்டும் இருந்தும் அம்மா ஏண்ணே போனாக?" என்றாள் லத்தீபா.

பாயில் இருந்தவர்கள் எல்லோரும் யூனுஸைப் பார்த்தார்கள். அழகான காரணம் ஒன்று அவன் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"தெரியலம்மா. உன் ஒத்தடத்தால இல்ல. அது மட்டும் தெரியும்."

அதன்பிறகுதான் அவள் தாய்க்காக அழுதாள்.

வாசகரே, நீங்கள் அந்த வகை இல்லை. இல்லவே இல்லை. ஆனால் நிமோனியா என்று படித்ததும், 'ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால்...' என்று உள்ளே ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?