நாய் அழுத ஒன்பது நாட்கள்

தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து நாய் அழுதுகொண்டிருந்தது.

சத்தம் போட்டு அழுதிருந்தால் தையல்காரர் ஒரு அதட்டல் போட்டிருப்பார். இது மௌனமாக, மூக்கின் இரண்டு பக்கமும் ஈரக் கோடு விழ, கண்ணீர் வடித்தது. அவர் பாதி தைத்த கால்சட்டையை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். நாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தை முன்னங்காலில் தேய்த்துக்கொண்டது.

“இங்க வந்து பாரேன், மூட்டை அழுதுக்கிட்டிருக்கு!”

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள். பார்த்ததும் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணன் ஊருக்குப் போய் ஒரு நாள் முழுசா ஆகல. அதுக்குள்ள பாருங்க, வாயில்லா ஜீவன் ஏங்கிப் போச்சு.”

“பத்து நாள்ல வந்துடுவாரே!”

“பத்து நாள்னா என்னன்னு அதுக்குத் தெரியுமா?”

மூட்டை என்பது தையல்காரர் வைத்த பெயர். ஒன்றரை வயது நாய். அதன் உடம்புக்கு இரண்டு சைஸ் பெரிதாகத் தோலை வெட்டிவிட்டார்கள் என்பது அவருடைய தொழில்முறைக் கருத்து. மிச்சமான தோல் நெற்றியிலும் கன்னத்திலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நாய்க்குச் சொந்தக்காரர் மனைவியின் அண்ணன். ‘ஒரே ஒரு மாசம் மாப்ளே’ என்று ஒற்றைப் பெட்டியோடு வந்து, எட்டு வருஷமாக இந்த வீட்டின் முன்னறையில் இருக்கிறவர்.

அந்த முன்னறைதான் தையல்காரரின் வாழ்நாள் கனவு. தெருவைப் பார்த்த அறை, பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். அதை நம்பி அவர் வாங்கிய வெட்டு மேஜை ஆறு வருஷமாகக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நட்டுக்குத்தலாக நிற்கிறது. துணி வெட்டுவதெல்லாம் கட்டிலில்தான். அளவு கொடுக்க வருகிறவர்கள் சமையலறையைத் தாண்டித்தான் வரவேண்டும். போன வாரம் ஒரு வக்கீல், கோட்டுக்குக் கையை நீட்டி அளவு கொடுத்துக்கொண்டே பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பை அணைத்தார். இந்த லட்சணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் முழுவதும் கதவைத் தட்டியிருக்கிறது. மாசக் கடைசியில் தலைமையாசிரியை நேரில் வந்து இடத்தைப் பார்ப்பாராம். அவருக்குக் கட்டிலைக் காட்ட முடியுமா?

மச்சான் சண்டைக்காரராக இருந்தால் என்றைக்கோ பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருக்கலாம். அவர் தங்கமான மனிதர், அதுதான் தொல்லை. அவரே மூன்று தடவை, “நான் வேற வீடு பாத்துக்கறேன் மாப்ளே, உங்களுக்கும் இடைஞ்சல்” என்று பேச்சை எடுத்திருக்கிறார். மூன்று தடவையும் சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்துவிட்டது. பார்த்த தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை. “ஐயோ, யாரு உங்களைப் போகச் சொன்னா? இங்கயே இருங்க மச்சான்” என்று கையைப் பிடித்துக்கொண்டதும் இவரேதான்.

அவ்வளவு இளகிய மனசு மச்சானுக்கு. வானிலை அறிக்கை கேட்டால்கூடக் கண் கலங்கும். மிச்சத் துணியில் அவருக்கென்றே டஜன் கணக்கில் கைக்குட்டைகள் தைத்துக் கொடுத்திருந்தார் தையல்காரர். ஒரு முனையால் தன் கண்ணைத் துடைப்பார் மச்சான், மறுமுனையால் மூட்டையின் கண்ணைத் துடைப்பார்.

இப்போது அவர் வேலை பார்க்கும் பார்சல் கம்பெனி அவரை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. முடிந்ததும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அங்கேயே கிளை மேலாளர், குடியிருக்க வீடும் உண்டு. அந்த ஒரு கையெழுத்துக்காகத் தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இந்தச் சமயம் பார்த்துத்தான் நாய் அழுதது.

“அவரோட வாசனை பட்டா ஆறுதலா இருக்கும்” என்று மச்சானின் பழைய கம்பளிச் சட்டையை எடுத்து விரித்தார். மூட்டை அதில் முகத்தைப் புதைத்து மத்தியானம் முழுவதும் தேய்த்தது. சாயங்காலத்துக்குள் இடது கண் சிவந்து பாதி மூடிக்கொண்டது.

“மோந்து பாத்து ஏக்கம் இன்னும் அதிகமாயிடுச்சு” என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் அவள் தாங்க முடியாமல் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். தையல்காரர் தடுப்பதற்குள் திரையில் மச்சானின் முகம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் மூட்டை கண்ணீர் வடித்தது, அந்தப் பக்கம் மச்சான் வடித்தார்.

“மாப்ளே, பாத்தீங்களா? இதை விட்டுட்டு நான் எப்படி இங்க குடியேறுவேன்?”

“நாயையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன் மச்சான்!”

“அதுக்கு இந்த வீடு பழகணுமே. அங்க பழகின வீட்டுலயே இப்படி அழுவுது. நான் யோசிக்கணும் மாப்ளே.”

அந்தக் கையெழுத்து நழுவக்கூடாது என்று தையல்காரர் முடிவுகட்டினார். நாய் சந்தோஷமாக இருப்பதாக மச்சானை நம்ப வைத்தே ஆகவேண்டும். வெல்வெட்டில் ஒரு குல்லாய் தைத்து, ஆறாம் நாள் மூட்டையின் தலையில் மாட்டிப் படம் எடுத்தார். குல்லாய் போட்டுக்கொண்டு அழுகிற நாய் வெறும் நாயைவிடப் பரிதாபமாக இருந்தது. சரி, துடைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துவிடலாம் என்று கைக்கு எட்டிய துணியால் துடைத்தார். அது சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அழித்த துணி. அடுத்த படத்தில் மூட்டைக்கு இரண்டு கண்ணும் இல்லை, இரண்டு சுருக்கம்தான் இருந்தன.

அந்த நேரத்தில்தான் வக்கீல் கோட்டை வாங்க வந்தார்.

“என்ன, நாய்க்கு உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, எங்க அண்ணனை நினைச்சு அழுவுது” என்றாள் மனைவி, பெருமையும் துக்கமுமாக. “ஆறு நாளா இப்படித்தான்.”

வக்கீல் கோட்டை மறந்தார். தரையில் உட்கார்ந்து மூட்டையை வீடியோ எடுத்தார். ‘மனிதர்களே, வெட்கப்படுங்கள்’ என்று ஒரு தலைப்புப் போட்டுத் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். மறுநாள் தெருவில் பாதிப்பேர் சமையலறை வழியாக வரிசையில் வந்து நாயைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் மகனைக் கூட்டிவந்து, “பாத்துக்க, நீயும்தான் விடுதியில சேந்தே, ஒரு போன் உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மச்சானிடமிருந்து போன்.

“மாப்ளே, அந்த வீடியோ இங்க வகுப்புக்கே வந்துடுச்சு. பயிற்சி குடுக்கறவர் பாடத்தை நிறுத்திட்டு, முதல்ல வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டார். நாளன்னிக்குக் காலையில அங்க இருப்பேன்.”

“கையெழுத்து மச்சான்?”

“தாள் பையிலதான் இருக்கு. இப்ப எப்படிப் போடறது சொல்லுங்க.”

எட்டாம் நாள் காலை தையல்காரர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். சோகத்துக்கு ஏதாவது மாத்திரை இருக்கும், வாங்கி விழுங்க வைத்துவிடலாம் என்பது அவர் திட்டம். மனைவியும் கூடவே வந்தாள்.

உள்ளே முதலில் ஒரு நர்ஸம்மா வந்தார். ஆகிருதியான பெண்மணி, அதிகம் பேசாதவர். இரண்டு விரலால் மூட்டையின் தாடையைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தார். “ம்” என்றார். அவ்வளவுதான். பிறகு டாக்டரம்மா வந்து கண்ணில் ஒரு சொட்டு மருந்துச் சாயம் விட்டு, சின்ன விளக்கால் பார்த்தார்.

“மனசு சரியில்ல டாக்டர்” என்று தையல்காரர் ஆரம்பித்தார். “பிரிவுத் துயரம். எட்டு நாளா அழுதுக்கிட்டே…”

“இது அழல.”

“பின்ன?”

“கீழ் இமையோட ஓரம் உள்பக்கமா சுருண்டிருக்கு. முடியெல்லாம் கண்ணு மேலயே உரசுது. நாள் முழுக்கக் கண்ணுல துடைப்பத்தை வெச்சுத் தேய்ச்சா யாருக்கா இருந்தாலும் தண்ணி கொட்டத்தான் செய்யும். மூணு நாலு மாசமாவே இருந்திருக்கும். யாரோ அப்பப்ப துடைச்சுவிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, அதான் உங்களுக்குத் தெரியல. கருவிழியில கீறல் வேற விழுந்திருக்கு. ஏதோ பொடி பட்டிருக்கே, என்னது?”

தையல்காரர் சட்டைப் பையிலிருந்த சுண்ணக்கட்டியை இன்னும் ஆழமாகத் தள்ளினார். தப்பு செய்த மாதிரிதான் இருந்தது. இத்தனை நாளும் பாவம் வலியில் துடித்திருக்கிறது, இவர் அதற்குக் குல்லாய் தைத்துப் போட்டிருக்கிறார்.

“அதாவது, ஓரம் உள்ள மடிஞ்சிடுச்சு” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“இமைக்குக் கீழ பிறை வடிவத்துல கொஞ்சம் எடுத்துட்டு இழுத்துத் தெச்சா, ஓரம் தானா வெளிய திரும்பிடும்.”

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அதேதான் ஆபரேஷன். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“காலரும் இப்படித்தான் சுருண்டுக்கும் டாக்டர். அடித்துணியில கால் இஞ்ச் எடுத்தா நிமிந்துடும்.”

“இங்க கால் இஞ்ச் எடுத்தா நாய் ஜென்மத்துக்கும் கண்ணை மூட முடியாது. மில்லிமீட்டர் கணக்கு.”

“நூல் என்ன நம்பர் போடுவீங்க? நெருக்கித் தெச்சா சுருங்குமே…”

“நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. நாயைச் சொன்னேன். நீங்க சாப்பிட்டுட்டு வந்து வெளிய உட்காந்தா போதும்.”

ஒன்பதாம் நாள் காலை மூட்டை மயக்க மருந்தில் உள்ளே படுத்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தையல்காரர் மச்சானுக்குச் செய்தி தட்டினார். ‘மூட்டை உங்களை நினைத்து அழவில்லை. வெறும் இமைக் கோளாறு. நிம்மதியாகக் கையெழுத்துப் போடவும்.’ கூடவே ஆஸ்பத்திரி விலாசமும்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “இப்படியா எழுதறது? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? அண்ணன் தாங்கமாட்டார்.”

“அப்ப முன்னறை வேண்டாமா உனக்கு?”

“என் சமையலறை எனக்கு வேணும்” என்றாள் சின்னக் குரலில். “கொஞ்சம் பதமா எழுதியிருக்கலாம்னு சொன்னேன்.”

ஒரு மணி நேரத்தில் மூட்டை வெளியே வந்தது. கழுத்தைச் சுற்றிப் பெரிய பிளாஸ்டிக் புனல். இமைகளுக்குக் கீழே பொடிப்பொடியாகத் தையல். தையல்காரர் மண்டியிட்டு, புனலுக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். “பிசிறே இல்ல” என்றார் மரியாதையோடு. இரண்டு கண்ணும் வீங்கியிருந்தாலும் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

அவர் எழுந்திருக்கவும் வாசல் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. மச்சான் கையில் பையோடு நின்றார். நாயைப் பார்த்தார். இரண்டு கன்னத்திலும் தாரை தாரையாக ஓடியது.

“அழாதீங்க மச்சான். அது உங்களுக்காக ஏங்கல, வெறும் இமைதான். செய்தி பாத்தீங்க இல்ல?”

“பாத்தேன் மாப்ளே. பாத்ததும் பஸ்லயே கையெழுத்துப் போட்டுட்டேன்.” பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். “மூட்டையையும் பெட்டியையும் எடுத்துக்கிட்டு, உங்ககிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பலாம்னுதான் வந்தேன்.”

தையல்காரருக்குக் காதில் தேன் பாய்ந்தது. வெட்டு மேஜை குளியலறையிலிருந்து தானாக நடந்து முன்னறைக்குள் போவதைக் கண்ணாலேயே பார்த்தார். வாயைத் திறந்தார், ‘நல்லபடியா போயிட்டு வாங்க’ என்று சொல்ல.

மச்சானின் தாடையிலிருந்து ஒரு சொட்டு தாள் மேல் விழுந்தது. இன்னொன்று. சொந்தமென்று தங்கையைத் தவிர யாருமில்லாத மனிதர். இப்படி நின்று அழுகிறவரை எந்த வாயால் போ என்பது? தையல்காரர் எட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்கு மச்சான் போகணும்? யாரு போகச் சொன்னா? இங்கயே இருங்க!”

“என்னங்க!” என்று மனைவி அவர் இடுப்பைக் கிள்ளினாள். சொன்னது சொன்னதுதான்.

மச்சான் நெகிழ்ந்து போனார். “நீங்க ஒவ்வொரு தடவையும் இப்படிச் சொல்றதாலதான் மாப்ளே நானும் போகாம இருக்கேன். போன வருஷம் ஒரு வீட்டுச் சாவியையே வாங்கிட்டேன். நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டதும் திருப்பிக் குடுத்துட்டேன். இவ்வளவு பாசம் வெச்சிருக்கறவரை உதறிட்டுப் போனா நான் மனுஷனா?” தாளின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். “இப்பவே கிழிச்சுடறேன்.”

தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கிழிகிற சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தார்.

மூட்டைக்குச் சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மா, தொழில் பழக்கத்தில் மச்சானின் தாடையை இரண்டு விரலால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை வருஷமா இப்படி?” என்றார்.

“எது?” என்றார் மச்சான்.

“இவர் எங்கங்க அழறார்? நாய்க்கு இருந்த அதே கோளாறுதான், மனுஷ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!”