நசீருதீனின் விடுப்புப் புரோகிராம்

தன் மனைவியை வேலைக்கு அனுப்புவதில்லை என்று நசீருதீன் உறுதியாக முடிவெடுத்தான். அதை அவளிடம் நேரில் சொல்லும் உறுதிதான் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பைத் தான் எழுதிய புரோகிராமிடம் ஒப்படைத்தான்.

ஓசூர் சிப்காட்டில், ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்கு அவன் பொறுப்பாளன். ஆண்டு 1999. அதுவரை தாளில் எழுதிக் கெஞ்சி வாங்கிய விடுப்பை, பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்தில் கேட்கலாம் என்று ஆக்கியவன் அவன்தான். தொழிலாளி கேட்பான், மேலாளர் தன் ரகசியச் சொல்லைத் தட்டி அனுமதிப்பார், வாசல் காவலரின் திரையில் பட்டியல் வந்துவிடும். இந்தச் சாதனையைப் பற்றி அவன் வீட்டில் பேசாத வேளை, வாயில் சோறு இருந்த வேளை மட்டுமே.

அவன் மனைவி முனவர் பேகம் கிருஷ்ணகிரியில் இயற்பியல் படித்தவள். கணினி டிப்ளமாவும் முடித்தவள். புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குத் திங்கட்கிழமை நேர்காணலுக்கு வரச் சொல்லி, பெங்களூர் நிறுவனம் ஒன்று அவளுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது.

“ஓட்டை கண்டுபிடிக்கிற வேலையாம்ல?” என்றான் நசீருதீன்.

“ஆமாங்க. அடுத்தவங்க கட்டுனதுல.”

“அப்ப மொதல்ல நான் கட்டுனதுல ஒண்ணு கண்டுபிடி. திங்கக்கெழமைக்குள்ள என் லீவு புரோகிராமுக்குள்ள நொழைஞ்சு காட்டு, இன்டர்வியூக்குப் போ. முடியலன்னா அந்த லெட்டரக் கிழிச்சுடு.”

“என்ன வேணா பண்ணிப் பாக்கலாமா?”

“என்ன வேணா பண்ணு.”

“அப்புறம் ‘யாரக் கேட்டு உள்ள போன’ன்னு கேக்கக் கூடாது.”

“நான்தான சொல்றேன்!”

“எழுதிக் குடுங்க.”

எழுதியே கொடுத்தான். தேதி போட்டு, கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டான். ஓர் ஆண்மகனின் தன்னம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான ஆவணம் ஓசூரில் அன்று பதிவாகியிருக்காது.

வீட்டுக் கணினி, தொலைபேசி வழியே தொழிற்சாலைக் கணினியோடு இணையும். முனவர் ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டாள். அதிலிருந்தது, புரோகிராம்களில் ஓட்டை தேடும் ஒரு சோதனைக் கருவி. முகம் தெரியாத யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்து எழுதி, ஒரு வரியைக்கூட மறைக்காமல், யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று உலகுக்குக் கொடுத்துவிட்ட ஒன்று.

“சும்மா குடுக்கறதுல என்ன இருந்துடப் போகுது?”

“என்ன இருக்குன்னு முழுசாப் படிச்சுப் பாத்துட்டேன். உங்களுதப் படிக்கக் கேட்டா ‘கம்பெனி ரகசியம்’ங்கறீங்க. ரெண்டுல யாரு பயப்படறாங்கன்னு நீங்களே சொல்லுங்க.”

நசீருதீனுக்குத் திடீரென்று தேநீர் தேவைப்பட்டது.

சனிக்கிழமை அவன் எட்டிப் பார்த்தபோது திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“என்ன பண்ணுது இது?”

“தட்டுது. உங்க கம்ப்யூட்டர்ல என்னென்ன பக்கம் இருக்கலாமோ, ஒவ்வொரு பேராச் சொல்லித் தட்டுது.”

“என்னுதுதான் ‘இல்ல, இல்ல’ன்னு சொல்லுதே?”

“சொல்லட்டும். கோவிச்சுக்காம அடுத்ததுக்குப் போகுது பாருங்க. முந்நூறு தடவ தட்டியாச்சு. உங்கள ரெண்டு தடவ கூப்பிட்டாலே மூஞ்சி மாறிடுது.”

அவள் குரலில் இருந்த வியப்பு அவனைச் சுட்டது. கல்யாணமாகி நான்காண்டுகளில் அந்தக் குரலில் அவள் தன்னைப் பற்றிப் பேசியதாக அவனுக்கு நினைவில்லை.

ஞாயிறு மாலை கேட்டான்: “என்ன, லெட்டரக் கிழிச்சாச்சா?”

“உங்க இங்கிலீஷ் பக்கம் நல்லாப் பூட்டியிருக்குங்க. தமிழ்ப் பக்கமும். நெஜமாவே நல்ல வேலை.”

நசீருதீன் ஓரங்குலம் வளர்ந்தான்.

“ஒருவேள நான் போறதா இருந்தா, நாளைக்குப் பாப்பாவ யாரு பாத்துக்குவாங்க? நீங்க லீவு போடுவீங்களா?”

“லீவா! மேனேஜர் ஓகே பண்ணாம என் புரோகிராம் எனக்கே லீவு தராது, தெரியுமா?”

இதையும் பெருமையாகத்தான் சொன்னான்.

திங்கள் காலை தொழிற்சாலை வாசலில் காவலர் ஆஞ்சப்பன் கையை நீட்டித் தடுத்தார்.

“என்ன சார், லீவுல வந்து நிக்கறீங்க?”

“யாருக்குய்யா லீவு?”

“உங்களுக்குத்தான் சார். லிஸ்ட்ல இருக்குதே. மேனேஜர் ஓகே ஆயிருக்குது. காரணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள.”

“நான் கேக்கவே இல்லய்யா!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. லிஸ்ட்ல லீவுன்னா ஆண்டவனே வந்தாலும் உள்ள விடாதேன்னு சொன்னது நீங்கதான சார்.”

ஓட்டமாக வீட்டுக்கு வந்தான். முனவர் இஸ்திரி போட்ட புடவையில், சான்றிதழ்க் கோப்போடு நின்றாள். பேச்சுக்கு முன் குழந்தை கைமாறியது.

“எப்படி முனவர்? எப்படி?”

“பாகலூர் ஆளுங்களுக்காகக் கன்னடத்துல ஒரு பக்கம் வெச்சிருக்கீங்கல்ல?”

“அது லீவு கேக்கறதுக்கு மட்டும்தான!”

“ஓகே பண்ற பட்டனும் அதுல இருக்கு. பூட்டுதான் இல்ல.”

உண்மைதான். மேலாளர் எவரும் கன்னடப் பக்கத்தைத் திறந்து அனுமதி கொடுக்கப் போவதில்லை என்று, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ரகசியச் சொல் கேட்கும் வரிகளை அவன் எழுதவில்லை. மூன்று மொழியில் பக்கம் வைத்து இரண்டுக்கு மட்டும் பூட்டுப் போட்ட அறிவாளி அவன். உயர்ந்த மொழி எது, தாழ்ந்த மொழி எது என்ற பாகுபாடு அறியாத கருவி, மூன்றையும் ஒரே மரியாதையோடு தட்டிப் பார்த்திருந்தது.

திரையில் அவளுடைய அறிக்கை திறந்திருந்தது. எந்தப் பக்கம், எந்த வரி, எப்படி நுழைவது, அதைவிட முக்கியமாக, எப்படி அடைப்பது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நசீருதீன் கடைசிவரை வாசித்தான். மனைவி எழுதிய ஒன்றில் திருத்துவதற்கு எதுவும் அகப்படாதது அவனுக்குப் புதிய அனுபவம்.

“நல்லாத்தான் பண்ணியிருக்க,” என்றான். மனதாரவே சொன்னான். “போயிட்டு வா. ஒரு நாள்தான, நான் பாத்துக்கறேன். நாளைக்குப் போனதும் மொத வேலையா அத அடைச்சுடறேன்.”

முனவர் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு நாள்னு யாருங்க சொன்னா? லீவு முடியற தேதியக் காலியா விட்டுப் பாத்தேன், உங்க புரோகிராம் அதையும் ஒத்துக்கிச்சு.”